நைட்டியில் ஜம்பிங் ஜாக்ஸா? வீட்டு உடற்பயிற்சிக்கு ஏற்ற அடுக்கு உடை... எதை, எப்போது, எப்படி?

காலை ஐந்தே முக்கால் மணி. ஹாலில் இருந்த டீபாய் ஓரமாகத் தள்ளப்பட்டிருக்கிறது. சுவரில் சாய்த்து வைத்த செல்போனில் முப்பது நிமிட உடற்பயிற்சி வீடியோ ஓடுகிறது. அதற்கு முன்னால் நைட்டியும், அதன் மேல் ஒரு துப்பட்டாவுமாக ஓர் அம்மா.

கைகளைத் தூக்கினால் துப்பட்டா நழுவுகிறது. காலை அகட்டினால் நைட்டி பிடித்து இழுக்கிறது. குனிந்தால் கழுத்துப் பகுதியை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. குதிக்கச் சொன்னால் மார்பு வலிக்கிறது, சங்கடமாகவும் இருக்கிறது. நடுவில் காலிங் பெல். தண்ணீர் கேன் வந்திருக்கிறது. வியர்த்து ஒட்டிய உடையோடு கதவைத் திறக்க மனம் வராமல், "ஏங்க, கொஞ்சம் பாருங்களேன்..." என்று குரல் கொடுக்கிறார். திரும்பி வருவதற்குள் வீடியோ ஐந்து நிமிடம் ஓடிவிட்டிருக்கிறது.

நான்கு நாள் இப்படிப் போகும். ஐந்தாம் நாள் பாய் விரிக்கப்படாது. கேட்டால், "எங்கங்க நேரம்?" என்று பதில் வரும். நேரமும் ஒரு காரணம்தான். சொல்லப்படாத இன்னொரு காரணம், உடை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஜிம்களும் பூங்காக்களும் மூடப்பட, ஹாலும் மொட்டை மாடியும் பயிற்சிக்கூடங்களாயின. பூங்காக்கள் திறந்த பிறகும் அந்தப் பழக்கத்தைப் பலர் விடவில்லை. ஆனால், "வீட்டுக்குள்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று கையில் கிடைத்ததை உடுத்திக்கொள்ளும் பழக்கமும் கூடவே தங்கிவிட்டது. 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். அத்தனை நிமிடங்களை உடம்பு தாங்க வேண்டுமென்றால், உடம்பின் மேல் இருக்கும் துணியும் ஒத்துழைக்க வேண்டும்.

அடுக்கு உடை என்றால் ஸ்வெட்டரா?

'லேயரிங்' என்றதும் பனிமலை ஏறுபவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தாலே வியர்க்கும் ஊரில் துணி மேல் துணியா என்று தோன்றும். ஆனால், இது நமக்குப் புதிதே இல்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் நூறு நாள் வேலைக்கும் போகும் பெண்களைப் பாருங்கள். சேலையைத் தூக்கிச் செருகி, அதன் மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டியிருப்பார்கள். வெயில் கையில் படாது. முந்தானை சேற்றில் விழாது. குனிந்து நிமிர்ந்தாலும் கூச்சமில்லை. நிழலில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது சட்டையைக் கழற்றி வைத்துவிடலாம். வேலைக்கேற்ப போடவும் கழற்றவும் முடிகிற இந்த ஏற்பாடுதான் அடுக்கு உடை.

வீட்டு உடற்பயிற்சிக்கு இது ஏன் தேவை? அரை மணி நேரப் பயிற்சிக்குள் உடம்பின் தேவை மூன்று முறை மாறுகிறது. தொடங்கும்போது தசைகள் குளிர்ந்து, இறுக்கமாக இருக்கும். நடுவில் உடம்பு கொதிக்கும். முடிந்ததும் வியர்வையோடு சேர்ந்து சூடு மளமளவென்று இறங்கும். ஒரே ஒரு தடிமனான உடை இந்த மூன்று கட்டத்துக்கும் பொருந்தாது. மெல்லியதாக இரண்டு மூன்று உடைகள் இருந்தால், அடுப்புத் தீயைக் கூட்டிக் குறைப்பது மாதிரி சூட்டைச் சரிசெய்துகொள்ளலாம்.

உள்ளே எரியும் அடுப்பு

உடற்பயிற்சியின்போது தசைகள் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் அசைவாக மாறுகிறது. மிச்சம் முக்கால் பங்கும் வெப்பமாகவே வெளிப்படுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற உடம்பு வைத்திருக்கும் முக்கியமான வழி, வியர்வை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வியர்வை வழிந்து தரையில் சொட்டுவதால் உடம்பு குளிர்வதில்லை. அது தோலின் மேல் ஆவியாகும்போதுதான் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் வியர்வை சுலபத்தில் ஆவியாகாது. அதனால்தான் அங்கே கசகசப்பு. இந்த ஊர்களில் எவ்வளவு நல்ல துணி போட்டாலும், ஃபேனோ ஜன்னல் காற்றோ இல்லாவிட்டால் பாதிப் பயன்தான்.

ஆகவே, உடைக்கு இரண்டே வேலைகள். வியர்வை ஆவியாக வழிவிட வேண்டும். உடல் அசைய இடம்விட வேண்டும். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் அடுக்காகப் பார்க்கலாம்.

முதல் அடுக்கு: தோலோடு இருப்பது

எல்லோரும் கடைசியாக யோசிப்பதும், முதலில் சரிசெய்ய வேண்டியதும் உள்ளாடைதான்.

மார்பகத்துக்கென்று தனியாகத் தசை கிடையாது. தோலும், உள்ளே இருக்கும் மெல்லிய இணைப்பு இழைகளும்தான் அதைத் தாங்குகின்றன. குதிக்கும்போதும் ஓடும்போதும் அது மேலும் கீழும், பக்கவாட்டிலும், முன்னும் பின்னும் அசைகிறது. தளர்ந்துபோன பழைய பிராவோடு, அல்லது எதுவுமே அணியாமல் குதித்தால் வலிக்கத்தான் செய்யும். "எனக்கு எக்சர்சைஸ் ஒத்துக்கல" என்று நினைத்து விட்டுவிட்ட பெண்களில் எத்தனை பேருக்கு இதுதான் காரணமோ!

இந்தச் சங்கடம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் லிசா லிண்டால் என்ற பெண் ஜாகிங் பழகியபோது இதே பிரச்னையில் சிக்கினார். அவருடைய கணவர் விளையாட்டாக, ஆண்கள் அணியும் 'ஜாக்ஸ்ட்ராப்' உள்ளாடையை மார்பில் மாட்டிக் காட்டிச் சிரிக்க, அந்தச் சிரிப்பிலிருந்தே யோசனை பிறந்தது. ஆடை வடிவமைப்பாளரான தோழி பாலி ஸ்மித், அவருடைய உதவியாளர் ஹிண்டா மில்லர் ஆகியோருடன் சேர்ந்து இரண்டு ஜாக்ஸ்ட்ராப்களை ஒன்றாகத் தைத்துப் பார்த்தார். 1977-ல் 'ஜாக்பிரா' உருவானது. இன்று கடைகளில் தொங்கும் ஸ்போர்ட்ஸ் பிராக்களின் முன்னோடி அதுதான். மூவருக்கும் 2022-ல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் அரங்கில் இடம் கிடைத்தது.

ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கும்போது பார்க்க வேண்டியவை இவை:

* தாங்கும் வேலையில் பெரும்பங்கு தோள்பட்டிக்கு இல்லை, மார்புக்குக் கீழே சுற்றி வரும் பட்டைக்குத்தான். அதற்குள் இரண்டு விரல்கள் நுழைய வேண்டும். அதற்கு மேல் இடமிருந்தால் தளர்வு. விரலே நுழையாவிட்டால் இறுக்கம்.
* ட்ரையல் ரூமில் போட்டுப் பார்க்க அனுமதித்தால், நின்றபடி நான்கு முறை குதியுங்கள். கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். பட்டை மேலே ஏறினால் அது உங்கள் அளவு இல்லை.
* ஆழமாக மூச்சு இழுத்துப் பாருங்கள். மூச்சு தடைப்பட்டால் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் வேண்டாம்.
* யோகா, நடை போன்ற மெதுவான பயிற்சிகளுக்கு மென்மையான, லேசாக அழுத்திப் பிடிக்கும் வகை போதும். குதிக்கும் பயிற்சிகளுக்கு, குறிப்பாகப் பெரிய மார்பகம் உள்ளவர்களுக்கு, இரண்டு பக்கமும் தனித்தனிக் கிண்ணம் உள்ள வகை நல்லது.
* பாலூட்டும் தாய்மார்கள் பயிற்சிக்கு முன் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டால் பாரமும் வலியும் குறையும். முன்பக்கம் திறக்கும் வகை அவர்களுக்கு வசதி.

ஆண்களுக்கும் இந்த அடுக்கு முக்கியம்தான். லுங்கிக்குள் எதுவும் அணியாமல் தண்டால் எடுப்பதும், வியர்வையில் ஊறிய பருத்தி பனியனுக்கு மேல் தடித்த டி-ஷர்ட் போட்டுக்கொள்வதும் பல வீடுகளில் நடப்பவை. உடலைப் பிடித்துக்கொள்ளும் உள்ளாடையும், மேலே ஒரே ஒரு மெல்லிய டி-ஷர்ட்டும் போதும். உள்ளே பனியன் வேண்டாம்.

இரண்டாவது அடுக்கு: டி-ஷர்ட்டும் பேன்ட்டும்

வேட்டி, சட்டைத் துணிகளெல்லாம் தறியில் நெய்தவை. நூல் நீளத்திலும் குறுக்கிலும் நேராக ஓடுவதால் அவை அதிகம் இழுபடாது. பனியன் துணி பின்னப்பட்டது. நூல் வளையம் வளையமாகக் கோக்கப்பட்டிருப்பதால் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். திருப்பூர் உலகம் முழுக்க அனுப்பும் பின்னலாடை இதுதான். உடற்பயிற்சிக்கு ஏற்றதும் இதுவே. அதோடு ஐந்து முதல் பத்து சதவீதம் 'ஸ்பான்டெக்ஸ்' கலந்திருந்தால், முட்டியை மடக்கி உட்கார்ந்து எழுந்தாலும் துணி தொளதொளத்துப் போகாது. லைக்ரா என்று நாம் சொல்வது இந்த இழையின் ஒரு பிராண்ட் பெயர்.

அடுத்து வரும் பெரிய கேள்வி, பருத்தியா, 'டிரை ஃபிட்' பாலியெஸ்டரா?

வழக்கமான சூழலில் பருத்தி, தன் எடையில் சுமார் 8.5 சதவீத ஈரத்தை இழைக்குள் பிடித்து வைத்திருக்கும். பாலியெஸ்டர் பிடித்து வைப்பது வெறும் 0.4 சதவீதம். அதாவது, பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் சுகமாக இருக்கும். பிறகு கனக்கும், ஒட்டும், காய நேரம் எடுக்கும். நன்றாகத் தயாரிக்கப்பட்ட பாலியெஸ்டர், வியர்வையைக் குடிக்காமல் துணியின் மேற்பரப்பு முழுக்கப் பரப்பிவிடும். பரந்த இடத்திலிருந்து அது வேகமாக ஆவியாகும். ஆனால், பருத்தியைவிட வாடை இதில் சீக்கிரம் தங்கும்.

ஆகவே, யோகா, ஸ்ட்ரெச்சிங், மெதுவான நடைக்குப் பருத்தி அல்லது பருத்தி கலந்த பனியன் துணி. குதித்து, ஓடி, அரை மணி நேரம் வியர்க்கும் பயிற்சிக்கு மெல்லிய டிரை ஃபிட். இந்தக் கணக்கு போதும்.

பாலியெஸ்டர் என்று எழுதியிருப்பதெல்லாம் டிரை ஃபிட் ஆகிவிடாது. வீட்டிலேயே சோதிக்கலாம். டி-ஷர்ட்டின் உள்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று பரவினால் வியர்வையையும் பரப்பும். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்தாக நின்றால், அதைப் போட்டுக்கொண்டு குதித்தால் உள்ளே அவியத்தான் செய்யும்.

ஆன்லைனில் வாங்குபவர்கள் 'ஜிஎஸ்எம்' என்ற எண்ணைப் பார்த்திருப்பார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பதன் சுருக்கம் அது. 140 முதல் 160 வரை என்றால் மெல்லியது, நம் வெயிலுக்குச் சரி. 180 நடுத்தரம். 240-க்கு மேல் போனால் ஹூடி வகை, குளிருக்கானது. படத்தைப் பார்த்து வாங்கி ஏமாறாமல் இருக்க இந்த எண் உதவும்.

பேன்ட்டைப் பொறுத்தவரை, லெக்கிங்ஸோ ட்ராக் பேன்ட்டோ உங்கள் விருப்பம். நிபந்தனைகள் மூன்று. முதலாவது, கண்ணாடி முன் குனிந்தும் உட்கார்ந்து எழுந்தும் பாருங்கள், துணி விரியும்போது உள்ளே தெரியக் கூடாது. இரண்டாவது, இடுப்பு எலாஸ்டிக் வயிற்றில் அழுத்தமான தடம் பதிக்கக் கூடாது. மூன்றாவது, கால் நீளம் கணுக்காலோடு நிற்க வேண்டும். தரையில் புரளும் பேன்ட், டைல்ஸ் தரையில் வழுக்கிவிடும். லெக்கிங்ஸ் மட்டும் போட்டுக்கொள்ளக் கூச்சமா? தொடை வரை நீளும், இரண்டு பக்கமும் 'ஓப்பன்' வைத்த காட்டன் குர்தி அணிந்துகொள்ளலாம். பயிற்சி கெடாது.

துப்பட்டா மட்டும் வேண்டவே வேண்டாம். பைக் சக்கரத்தில் துப்பட்டா சிக்குவதன் ஆபத்து நமக்குத் தெரியும். வீட்டில் இருக்கும் எக்சர்சைஸ் சைக்கிளுக்கும் ட்ரெட்மில்லுக்கும் சுழலும் பாகங்கள் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம்.

மூன்றாவது அடுக்கு: ஆணியில் தொங்கும் சட்டை

மலையேறுபவர்களுக்கு மூன்றாவது அடுக்கு காற்றையும் மழையையும் தடுக்க. நம் வீட்டில் அதற்கு வேறு வேலைகள். தொடக்கத்தில் தசைகளுக்கு இளஞ்சூடு தரும். முடிந்த பிறகு உடம்பு சட்டென்று குளிராமல் காக்கும். காலிங் பெல் அடித்தால் பத்து நொடியில் மாட்டிக்கொண்டு கதவைத் திறக்க உதவும்.

கடைசியாகச் சொன்னதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். பால், பேப்பர், கேஸ் சிலிண்டர், குப்பை வண்டி விசில் என்று காலை நேரத்தில் கதவு சும்மா இருப்பதில்லை. கூட்டுக் குடும்பத்தில் மாமனாரும் கொழுந்தனாரும் ஹாலைக் கடந்து போவார்கள். ஸ்போர்ட்ஸ் பிராவும் டி-ஷர்ட்டுமாக நிற்பதில் தவறு எதுவும் இல்லை. ஆனாலும், மனத்தில் தயக்கம் இருந்தால் பயிற்சியில் கவனம் நிற்காது. கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சட்டை இருக்கிறது என்ற தைரியமே பாதிப் பேருக்குப் போதும்.

இதற்காகப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். வீட்டுக்காரரின் பழைய முழுக்கைக் காட்டன் சட்டையே போதும். முன்பக்கம் திறப்பதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தலை வழியாக மாட்டும் ஸ்வெட்டரும் ஹூடியும் வியர்த்த பிறகு கழற்றப் படுத்தி எடுக்கும். ஜிப் வைத்த ஹூடி என்றால் சரி.

எப்போது கழற்றுவது? உடம்பு சூடேறியதை உணர்ந்ததும், நெற்றியில் வியர்வை அரும்பும் முன்பே கழற்றிவிட வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இது ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் வரும். சட்டை நனைந்த பிறகு கழற்றினால், முடிந்ததும் திரும்பப் போட்டுக்கொள்ள உலர்ந்த துணி இருக்காது.

உங்கள் ஊருக்கு எத்தனை அடுக்கு?

கடற்கரை ஊர்களில், கோடைக்காலத்தில்: இரண்டு அடுக்குதான். மூன்றாவது ஆணியிலேயே தொங்கட்டும், கதவுக்கு மட்டும். கத்திரி வெயில் நாள்களில் சூரியன் ஏறும் முன்பே பயிற்சியை முடித்துக்கொள்வது, எந்த டிரை ஃபிட்டையும்விட மேலானது.

மதுரை, திருச்சி, வேலூர் போன்ற உள் மாவட்டங்களில்: கடற்கரையைவிடக் காற்று வறண்டிருக்கும் நாள்களில் வியர்வை தெரியாமலே காய்ந்துவிடும். வியர்க்கவில்லையே என்று ஏமாற வேண்டாம், தண்ணீர் குடிக்க வேண்டும். மார்கழி, தை மாதக் காலைகளில் முதல் பத்து நிமிடத்துக்கு மூன்றாவது அடுக்கு இதமாக இருக்கும்.

ஏ.சி அறையில்: குளிரில் தொடங்கி, சூடாகி, மறுபடி குளிரில் முடிப்பதால் மூன்று அடுக்கும் வேண்டும். முடிந்ததும் நனைந்த டி-ஷர்ட்டோடு ஏ.சி-க்கு நேராக உட்கார வேண்டாம்.

ஊட்டி, கொடைக்கானலில்: சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் குளிர்காலத்தில் உறைபனியே விழும். இங்கே தோலை ஒட்டிய அடுக்கில் பருத்தி வேண்டாம். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே சீக்கிரம் காயும் மெல்லிய டி-ஷர்ட், நடுவில் முழுக்கை பனியன் துணி, மேலே ஜிப் ஜாக்கெட் அல்லது கம்பளி. பயிற்சி முடிந்ததும் முதலில் ஈரமான உள் அடுக்கை மாற்றிவிட்டு, அப்புறம்தான் காபி.

அடுக்கடுக்காகப் போட்டால் எடை குறையுமா?

இங்கேதான் எச்சரிக்கை தேவை. "நல்லா இழுத்துப் போர்த்திட்டு ஓடினா கொழுப்பு கரையும்" என்று நம்பி, ரெயின்கோட்டும் ஸ்வெட்டருமாக மொட்டை மாடியில் சுற்றுபவர்கள் உண்டு. 'சவ்னா சூட்' என்ற பெயரில் காற்றுப் புகாத உடைகளும், வயிற்றைச் சுற்றிக் கட்டும் பெல்ட்டுகளும் ஆன்லைனில் விற்கின்றன.

கழற்றிய பிறகு எடை பார்த்தால் அரைக் கிலோ, ஒரு கிலோ குறைந்திருப்பது உண்மைதான். குறைந்தது கொழுப்பல்ல, தண்ணீர். ஒரு சொம்பு தண்ணீர் குடித்ததும் அந்த எடை திரும்பி வரத் தொடங்கும். கொழுப்பு குறைவது தசைகள் செய்யும் வேலையாலும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டாலும்தான். அதிகம் வியர்த்தால் அதிகம் குறையும் என்பது உண்மையானால், சித்திரை மாதத்தில் பேருந்து நிலையத்தில் நிற்கும் எல்லோரும் மெலிந்திருக்க வேண்டுமே!

இதில் ஏமாற்றத்தோடு உயிராபத்தும் இருக்கிறது. 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்காவில் வட கரோலினா, விஸ்கான்சின், மிச்சிகன் ஆகிய மூன்று மாநிலங்களில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்தார்கள். போட்டிக்கான எடைப்பிரிவுக்குள் வருவதற்காக, தண்ணீரைக் குறைத்து, ஆவி வெளியேறாத உடையை அணிந்து, சூடான சூழலில் பயிற்சி செய்தவர்கள் அவர்கள். உடம்பு சூடு ஏறி, நீர் வற்றி உயிர் போனது. அதன் பிறகு அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் அந்த உடைகளுக்குத் தடை வந்தது. பயிற்சி பெற்ற இளம் வீரர்களுக்கே இந்த நிலை என்றால், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள ஐம்பது வயதுக்காரர் மொட்டை மாடியில் ரெயின்கோட்டோடு ஓடுவதை என்ன சொல்வது?

அடுக்கு உடையின் பயன், கழற்ற முடிவதில்தான் இருக்கிறது. கழற்றாமல் போட்டுக்கொண்டே இருந்தால் அது போர்வை. பயிற்சியின்போது தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிறுத்தி, மேலுடையைக் கழற்றி, ஃபேன் காற்றில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும். பேச்சு குழறினாலோ, குழப்பமோ மயக்கமோ வந்தாலோ 108-ஐ அழைத்துவிட்டு, உடம்பில் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் உடம்பு அதிகம் சூடாகாமல் பார்த்துக்கொள்வதும், பயிற்சிக்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

தாத்தா, பாட்டிக்கு...

65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கீழே விழாமல் இருப்பதற்கான பயிற்சி அது. அதைச் செய்யும்போது நைட்டியின் கீழ் ஓரத்தையோ சேலைக் கொசுவத்தையோ மிதித்து விழுந்தால், நோக்கமே கெட்டுவிடும். எழுபது வயதில் பாட்டியை ட்ராக் பேன்ட் போடச் சொன்னால் முதலில் சிரிப்பார். சுடிதார் பேன்ட்டும் அரைக்கை குர்தியும் என்றால் பலர் ஒப்புக்கொள்வார்கள். அதுவும் முடியாது என்றால், சேலையைக் கணுக்காலுக்கு மேல் உயர்த்திக் கட்டி, முந்தானையை இடுப்பில் செருகி, நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் பயிற்சிகள் போதும். தாத்தாவின் வேட்டிக்கும் இதே விதிதான். அரைக்கால் டிராயர் இருந்தால் இன்னும் நல்லது.

முதியவர்களுக்குக் குளிர் அதிகம் தெரியும் என்பதால் மேலடுக்கு கட்டாயம் வேண்டும். அது பட்டனோ ஜிப்போ வைத்து, உட்கார்ந்தபடியே கழற்றக்கூடியதாக இருக்கட்டும். தோள் வலி உள்ளவர்களுக்குத் தலை வழியாகக் கழற்றும் உடை தண்டனை.

காலுக்கு என்ன? வெறும் சாக்ஸ் மட்டும் போட்டு டைல்ஸ் தரையில் நிற்கக் கூடாது, வழுக்கும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடும் வேண்டாம். பிடிமானமுள்ள அடிப்பகுதி கொண்ட, சரியான அளவு ஷூ அவர்களுக்கு அவசியம்.

முடிந்ததும் மாற்றுங்கள்

பயிற்சி முடிந்ததும் நேராக அடுப்படிக்குப் போய், அதே ஈர உடையோடு இட்லி ஊற்றி, டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளைகளை அனுப்பி, ஒன்பது மணிக்குக் குளிப்பது பல அம்மாக்களின் வழக்கம். இரண்டு மணி நேரம் தோலோடு ஒட்டியிருக்கும் ஈரத் துணி, படர்தாமரைக்கு விருந்து வைப்பது போல. தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ், இடுப்பு எலாஸ்டிக் பதியும் இடம் ஆகியவைதான் அது முதலில் பிடிக்கும் இடங்கள். உடனே குளிக்க நேரமில்லை என்றால், துடைத்துவிட்டு உலர்ந்த உடைக்காவது மாறிவிடுங்கள். அரிப்பு வந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த க்ரீம் தடவ வேண்டாம். முதலில் அடங்குவதுபோல அடங்கி, பிறகு பரவும். தோல் மருத்துவரிடம் காட்டுவதே நல்லது.

டிரை ஃபிட் துணிகளை உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்பிப் போட்டுத் துவைக்கவும். வாசனைக்காகத் துணி கண்டிஷனர் ஊற்ற வேண்டாம், அது இழைகளின் மேல் படிந்து வியர்வையைப் பரப்பும் திறனைக் குறைத்துவிடும். நன்றாகக் காயவைத்த பிறகே மடித்து வைக்கவும். மழைக்காலத்தில் காயாத உடையை 'பரவாயில்லை' என்று மறுபடி போடுவதைத் தவிர்க்க, இரண்டு செட் இருப்பது நல்லது.

எவ்வளவு வாங்குவது?

ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. பெண்களுக்கு முதல் செலவு, சரியான அளவில் இரண்டு ஸ்போர்ட்ஸ் பிரா. அடுத்து ஒரு ட்ராக் பேன்ட் அல்லது லெக்கிங்ஸ். டி-ஷர்ட் பெரும்பாலும் வீட்டிலேயே கிடைக்கும். மகனோ மகளோ போடாமல் விட்டது ஒன்றாவது பீரோவில் இருக்கும். தண்ணீர்ச் சொட்டுச் சோதனை செய்து பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். மூன்றாவது அடுக்குக்குச் செலவே இல்லை.

முந்தைய இரவே மூன்றையும் எடுத்து, கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்துவிடுங்கள். காலை ஐந்தே முக்காலுக்கு, தூக்கக் கலக்கத்தில் பீரோவைத் திறந்து தேட வேண்டியிருக்காது. தண்ணீர் கேன் வந்து பெல் அடித்தால், சட்டையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து, வாங்கி வைத்துவிட்டு, மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வீடியோ நின்ற இடத்திலேயே நிற்கும். ஐந்தாம் நாளும் பாய் விரியும்.